காந்தத்தின் மேல் விழுந்த பழி: மின்கித்தாரும் ஒலிபெருக்கியும் ஓரறையில்

மொழியியல் கற்ற ஒருவன் மின்கித்தாரைப் பாதுகாக்கும் முறை பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு வாக்கியத்தை ஆராயாமல் நம்பியதால், எங்கள் குடும்பம் ஒரு நல்ல இசைக்கருவியைப் பாழாக்கியது. அவ்வாக்கியம் இதுதான்: “கித்தாரை ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் போய்விடும்.”

என் தம்பி 1970களின் பிற்பகுதியில் இசைக்குழு ஒன்றில் மின்கித்தார் வாசித்தான். அவன் மறைந்தபின் அக்கருவி எங்கள் வீவக வீட்டிற்கு வந்தது. என் மகன் தன் படுக்கையறையின் ஒரு மூலையைச் சிறிய ஒலிப்பதிவறையாக மாற்றி, அங்கே அதைத் தாங்கியில் நிறுத்தியிருந்தான். வீட்டிற்கு வந்த அன்பர் ஒருவர் மேற்சொன்ன எச்சரிக்கையைக் கூறினார். அன்றே கருவியைத் தாங்கியோடு தூக்கிப் பொருள் வைக்கும் அறைக்குள் வைத்தோம். சன்னலில்லாத அந்த அறையில் அது ஒன்பது ஆண்டுகள் நின்றது. மீண்டும் வெளியே எடுத்தபோது தந்திகள் துருவேறியிருந்தன, கழுத்து வளைந்திருந்தது, தாங்கியின் இரப்பர் பட்ட இடங்களில் மெருகுப்பூச்சு இளகிக் கறுத்திருந்தது. பழுதுபார்ப்பவர் புதிய தந்திகளைப் பூட்டி மின்னிணைப்புக் கொடுத்தார். ஒலி தெளிவாக எழுந்தது. எதைக் காக்க அஞ்சினோமோ, அந்தக் காந்தத்திற்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

சொற்களைத் தெளிவுபடுத்துவோம்

தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்னும் ஒரு சொல்லே இரு கருவிகளுக்கு வழங்குகிறது. மின்குறிப்பை வலுப்படுத்துவது ஒன்று. வலுப்பெற்ற மின்குறிப்பை ஒலியாக மாற்றுவது மற்றொன்று. முன்னதைப் ‘பெருக்கி’ என்றும், பின்னதை மட்டும் ‘ஒலிபெருக்கி’ என்றும் இவ்வுரையில் குறிப்பேன். கித்தாரின் தந்திகளுக்கு அடியில் பொருத்தப்பட்டிருக்கும் உறுப்பை இசைக்கலைஞர்கள் ‘பிக்கப்’ என்பர். நான் அதை ‘அதிர்வேற்பி’ என்கிறேன்.

அதிர்வேற்பி என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. இது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட தூண்டல் நெறியேயாகும். அதனைக் கித்தாருக்குப் பொருத்திய ஜார்ஜ் போஷாம் என்பாருக்கு 1937இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஒலிபெருக்கிக்குள்ளும் காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. எனவே, இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு காந்தம் மற்றொன்றைக் கெடுக்கும் என்று எண்ணுவது இயல்பே.

எச்சரிக்கை பிறந்த இடம்

இந்த எச்சரிக்கை அடிப்படையற்றுப் பிறந்ததன்று. ஒலிநாடாக்களை ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் அடுக்கி வைத்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நாடாவில் பாட்டு என்பது காந்தத்துகள்களின் வரிசையமைப்பு. வலிய காந்தம் மிக நெருங்கினால் அவ்வரிசை குலையும்; பாட்டு மங்கும். பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சியின் அருகில் ஒலிபெருக்கியை வைத்தால் திரையின் ஓரத்தில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் தோன்றும். எலெக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைத்ததே அதற்குக் காரணம். ஆகவே, “ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைக்காதே” என்பது அந்நாளில் நல்ல அறிவுரை.

நாடாவும் கண்ணாடிக்குழாயும் வீட்டைவிட்டுப் போயின. வாக்கியம் போகவில்லை, அது வேறு பொருளைத் தேடிக்கொண்டு கித்தாரின்மேல் வந்து அமர்ந்தது. காரணத்தைக் கழற்றிவிட்டு ஏவலை மட்டும் கைமாற்றினால் இவ்வாறே நேரும். சொற்பொருள் மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் மாணவர்களுக்கு விளக்கிய நான், என் வீட்டிற்குள் வந்த வாக்கியத்தை மட்டும் ஆராயாமல் விட்டேன்.

காந்தம் எட்டும் தொலைவு

ஒரு காந்தத்தின் புலம் தொலைவு கூடக்கூட மிக விரைவாகக் குறையும். காந்தத்தின் அளவைவிடத் தொலைவு கணிசமாக மிகும்போது, தொலைவு இருமடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிறது. நான்கு மடங்கானால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலும், ஒலிபெருக்கியின் உட்புற இரும்புத் தகடுகள் புலத்தின் பெரும்பகுதியைச் சுருள் அசையும் குறுகிய இடைவெளிக்குள் குவித்துவிடுகின்றன. வெளியே கசிவது சிறிதளவே.

அதிர்வேற்பிகள் பலவற்றில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை கலந்த ‘அல்நிக்கோ’ என்னும் காந்தம் உள்ளது. வேறு சிலவற்றில் ஃபெரைட் காந்தம் உள்ளது. இவற்றின் காந்தத்தன்மையைக் குலைக்க வலிய எதிர்ப்புலம் தேவை. வெறும் காந்தம் ஒன்றை அதிர்வேற்பியின்மேல் நேரே ஒட்டவைத்துத் தேய்த்தால் தீங்கு நேரலாம். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் கித்தாருக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை.

ஒலி செய்யும் வேலை

காந்தத்தை விடுதலை செய்துவிட்டோம். ஆனால் ஒலிபெருக்கி முற்றிலும் குற்றமற்றது அன்று. அது காற்றை அசைக்கிறது. வழக்கமான சுருதியமைப்பில் கித்தாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். அடுத்த தந்தி 110 முறை. ஒலிபெருக்கியிலிருந்து 110 அதிர்வெண் கொண்ட ஒலி எழுந்தால், யாரும் தொடாமலே அத்தந்தி முனகத் தொடங்கும். இதனை ஒத்ததிர்வு என்கிறோம். சித்தாரின் அடித்தந்திகள் இந்நெறியால்தான் தாமே ஒலிக்கின்றன. சித்தாருக்கு அழகான இது ஒலிப்பதிவறையில் இடையூறாகும். பாடகர் பாடும்போது மூலையில் நிற்கும் கித்தாரின் முனகலும் ஒலிவாங்கியில் பதிந்துவிடும்.

கித்தார் மின்னிணைப்பில் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒலிபெருக்கியின் ஓசை தந்தியை அசைக்கும். அதிர்வேற்பி அதை மின்குறிப்பாக்கும். பெருக்கி அதை வலுப்படுத்தும். ஒலிபெருக்கி மேலும் உரக்க ஒலிக்கும். இச்சுழலைப் பின்னூட்டம் என்பர். அது ஊளையாக முற்றினால் ஒலிபெருக்கிக்கும் கேடு, காதுக்கும் கேடு.

அதிர்வின் மற்றொரு விளைவு வீழ்ச்சி. தாழ்ந்த சுருதி ஒலி தரையையும் மேசையையும் அசைக்கும். ஒலிபெருக்கிப் பெட்டியில் சாய்த்துவைத்த கித்தார் சிறிது சிறிதாக நகர்ந்து சரியும். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்த கருவிகள் மல்லாந்து விழுந்தால், கழுத்தும் தலையும் கூடுமிடத்தில் எளிதில் முறியும்.

ஈரமும் இரப்பரும்

நம் நாட்டில் கித்தாரின் உண்மையான எதிரி ஈரம். மரக்கருவிகளுக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதம் உகந்தது என்பர். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியோ 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. விடியற்காலையில் 90ஐயும் கடக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலரும்போது சுருங்கும். இரவில் குளிரூட்டியை இயக்கிப் பகலில் நிறுத்தும் படுக்கையறையில் இந்த ஏற்ற இறக்கம் நாள்தோறும் நிகழ்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் ஈரம் தேங்கிவிடுகிறது. தந்திகளின் இழுவிசையும் உடன்சேர, கவனிப்பாரற்ற கழுத்து வளைகிறது.

இரப்பர் செய்யும் தீங்கு பலரும் அறியாதது. பழைய கித்தார்கள் சிலவற்றின் மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் வகையைச் சேர்ந்தது. தாங்கியின் இரப்பரிலும் நுரைப்பஞ்சிலும் உள்ள வேதிப்பொருள்கள் அப்பூச்சை மெல்ல மெல்ல இளக்கும். பாலியூரித்தேன் போன்ற பிற்காலப் பூச்சுகள் பெரும்பாலும் இதைத் தாங்கும். எங்கள் கருவி பழைய வகை.

எங்கே, எப்படி வைப்பது?

வீட்டு ஒலிப்பதிவறை வைத்திருப்போர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

1. கித்தாரை ஒலிபெருக்கியில் சாய்க்காதீர்கள். அதற்கு நேர் எதிரேயும் நிறுத்தாதீர்கள். பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

2. வாசித்து முடித்ததும் மின்வடத்தைக் கழற்றுங்கள். மின்கலம் பொருத்திய கருவியாயின் மின்கலமும் வீணாகாது.

3. பதிவு நடக்கும்போது, தந்திகளுக்கும் விரற்பலகைக்கும் இடையே மெல்லிய துணியொன்றைச் செருகுங்கள். முனகல் அடங்கும்.

4. சுவரில் மாட்டுவதாயின் உறுதியான சுவரைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகல் வெயில் காயும் சுவரையும், குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தையும் தவிருங்கள்.

5. தாங்கியின் இரப்பர்ப் பகுதிகளைத் தூய பருத்தித் துணியால் சுற்றுங்கள்.

6. அறையில் ஓர் ஈரப்பதமானியை வையுங்கள். நெடுநாள் வாசிக்காத கருவியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு அதன் உறைப்பெட்டியில் வைத்து, பைகளை அவ்வப்போது மாற்றுங்கள். திங்களுக்கு ஒருமுறையேனும் திறந்து பாருங்கள்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. ஒலிபெருக்கியின் அருகே இருந்திருந்தால் என் தம்பியின் கித்தாரை என் மகன் அன்றாடம் பார்த்திருப்பான். துருவின் முதற்புள்ளியைக் கண்டிருப்பான். பாதுகாப்பு என்று எண்ணி நாங்கள் அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தோம்.

அறிவியலைத் தமிழில் சொல்வது கலைச்சொற்களை ஆக்குவதோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் ஏவலைச் சொல்லும்போது, ‘ஏனெனில்’ என்று தொடங்கும் மறுபாதியையும் அதனோடு சேர்த்துத் தருவதே அதன் பயன். அந்த மறுபாதியைக் கேட்டிருந்தால் அக்கழுத்து வளைந்திராது. இப்போது அதைச் சீர்செய்து, என் பேரன் வாசிக்கிறான். கருவி ஒலிபெருக்கியிலிருந்து நான்கடி தள்ளி, எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்குகிறது.