மனந்திரும்புதலில் அயலானின் இடம்

மனந்திரும்புதலைப் பற்றிய பிரசங்கங்களுக்கு நம் திருச்சபைகளில் குறைவில்லை. எழுப்புதல் கூட்டங்களிலும் லெந்து நாட்களின் தியானங்களிலும் இச்சொல் ஓயாது ஒலிக்கின்றது. ஆயினும், வழிதப்பியவன் யாரிடம் திரும்பவேண்டும் என்னும் வினாவை நாம் முழுமையாகக் கேட்பதில்லை. கடவுளிடம் என்று விடையிறுத்துவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுகின்றோம். அவ்விடை சரியானதே, ஆனால் அத்துடன் காரியம் முடிந்துவிடவில்லை. கடவுளிடம் திரும்பும் வழி எவ்விடங்களின் ஊடே செல்கின்றது, அவ்வழியில் யாரைச் சந்திக்க நேரிடும் என்பதை அருட்பணியாளரும் அதற்கென ஆயத்தமாகும் மாணவரும் சிந்திக்கவேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எபிரெய மொழியில் 'ஷூப்' என்னும் வினைச்சொல் பழைய ஏற்பாட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களில் வருகின்றது. அது ஆழ்ந்த சமயச் சொல்லாகப் பிறந்ததன்று. புறப்பட்ட இடத்துக்கு நடந்து திரும்புகிறவனைக் குறிக்கும் சாதாரணச் சொல் அது. தீர்க்கதரிசிகள் அதனையே எடுத்து இஸ்ரவேலின் பாவத்துக்கும் மீட்புக்கும் உரியதாக்கினர். புதிய ஏற்பாட்டின் 'மெட்டனோயா' என்னும் கிரேக்கச் சொல்லோ உள்ளத்தின் மாற்றத்தைச் சுட்டுகின்றது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு 'மனம் மாறுதல்' என்று பெயர்த்தது கிரேக்கத்துக்கு நெருக்கமானதே. எனினும் பழைய மொழிபெயர்ப்பின் 'மனந்திரும்புதல்' என்னும் சொல்லை நான் எளிதில் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. கிரேக்கனின் மனமும் எபிரெயனின் கால்களும் அதில் ஒருங்கே அடங்கியுள்ளன. மனம் மாறியவன் இருந்த இடத்திலேயே இருக்கலாம், திரும்புகிறவன் நடந்தாகவேண்டும்.

இவ்வேளையில் காஞ்சிபுரத்தை நினைக்கின்றேன். அவ்வூரில் ஆயராகப் பணியாற்றும் எவரும் ஏகாம்பரநாதர் திருக்கோவிலின் நெடிய கோபுரத்தைக் காணாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாது. அக்கோவிலோடு தொடர்புடைய ஒரு வரலாற்றைச் சைவ அன்பர்கள் நன்கறிவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அதனை விரித்துரைக்கின்றது. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும் வேளையில், அவரைப் பிரிவதில்லை என்று ஆணையிடவேண்டியதாயிற்று. சந்நிதியில் இட்ட ஆணை தம்மைக் கட்டிவிடுமென்று எண்ணிய அவர், அந்நேரத்தில் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்கும்படி இறைவனை முன்னதாகவே வேண்டிக்கொள்கின்றார். இறைவனோ அச்செய்தியைச் சங்கிலியாருக்குக் கனவில் அறிவித்துவிடுகின்றார். ஆணை மகிழ மரத்தடியிலேயே இடப்படுகின்றது. (பின்வாசல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்குறுதி அளிப்போரை நம் திருமணப் பதிவேடுகளும் நன்கறியும்.) பின்னர்த் திருவாரூரின் வசந்த விழாவை நினைந்து அவர் ஊரெல்லையைக் கடக்கின்றார், அப்பொழுதே இரு கண்களும் ஒளியிழக்கின்றன. திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைப்பது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் திருவேகம்பத்தில் இடக்கண் ஒளிபெறுகின்றது. வலக்கண்ணுக்கோ அவர் திருவாரூர் வரையில் நடக்கவேண்டியிருந்தது.

அயலார் போற்றும் வரலாறு ஒன்றைப் பிரசங்க உவமையாகப் பறித்துக்கொள்வது மரியாதையன்று. அவர்களிடத்தில் அது பக்தியின் மேன்மையை விளக்குவது. அவ்விதமாகவே நாம் அதை மதிக்கவேண்டும். ஆயினும் அவர்களோடு ஒரே தெருவில் வாழ்கின்ற நாம் அதைக் கேட்டுச் சிந்திக்க உரிமை பெற்றவர்கள். இரண்டு காரியங்கள் என் உள்ளத்தில் நிற்கின்றன. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியதே இங்குக் கண்ணொளியைப் பறிக்கும் குற்றமாகின்றது. மனிதருக்கு இழைத்த தீங்கை இறைவன் தம் கணக்கில் எடுத்துக்கொள்கின்றார். மற்றொன்று, ஒளி ஒரே கணத்தில் முழுமையாக வருவதில்லை: கோல், பின்பு ஒரு கண், பின்பு மற்றொன்று. ஒரே இரவில் எல்லாம் முடிந்தது என்று சாட்சி சொல்லப் பழகிய நமக்கு இக்காட்சி பயனுள்ளது. ஆனால் கேட்கத் தோன்றும் வினா ஒன்றுண்டு. கண்கள் மீண்டன, திருவொற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரின் துயரம் என்னவாயிற்று? நாம் இவ்வினாவைப் பிறர் நூலிடம் கேட்டுவிட்டு நம் நூலிடம் கேளாதிருப்பது நேர்மையாகாது.

தாவீதின் வரலாற்றில் அதே வினா இன்னும் கடுமையாக எழுகின்றது. ஐம்பத்தோராம் சங்கீதத்தின் தலைப்பு, நாத்தான் அவனிடம் வந்த சந்தர்ப்பத்தோடு அதனை இணைக்கின்றது. அச்சங்கீதத்தில் பாவி தான் கடவுள் ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்ததாக அறிக்கையிடுகின்றான். எல்லாப் பாவமும் இறுதியில் கடவுளுக்கு எதிரானது என்பதே இதன் பொருள் என்று நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம், அது சரியே. ஆனால் உரியா மண்ணுக்குள் கிடக்கின்றான். பத்சேபாளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாத்தான் சொன்ன உவமையைக் கேட்டபோது, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்தவன் நான்கத்தனை திரும்பச் செலுத்தவேண்டும் என்று தாவீதே தீர்ப்பளித்தான். அத்தீர்ப்பு அவன் வாயிலேயே நின்றுவிட்டது. அதனை நிறைவேற்றிய மனிதனைக் காண நாம் எரிகோ வரையில் செல்லவேண்டும். சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்ன பின்னரே, அவ்வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததை ஆண்டவர் அறிவிக்கின்றார். பணத்தைக் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்பதன்று. ஆண்டவர் முன்னமே அவன் வீட்டில் தங்க முடிவுசெய்துவிட்டார். கிருபை முதலில் வந்தது. வந்த கிருபை அவனை ஏமாற்றப்பட்டவர்களின் வாசலுக்கு அனுப்பியது.

நியாயப்பிரமாணமும் இதனையே கட்டளையிட்டிருந்தது. பிறனை வஞ்சித்தவன் முழுமுதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, குற்றநிவாரண பலியைக் கொண்டுவரும் நாளிலேயே உரியவனிடம் கொடுக்கவேண்டும் (லேவியராகமம் 6:1–7). பலிபீடமும் அயலான் வீடும் ஒரே நாளின் பயணத்தில் அடங்குகின்றன. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற யூதரின் மிஷ்னா, 'யோமா' என்னும் பகுதியில், பாவநிவிர்த்தி நாள் கடவுளுக்கு எதிரான குற்றங்களுக்கு நிவிர்த்தி செய்யும். மனிதனுக்கு எதிரான குற்றத்துக்கோ அம்மனிதனைச் சமாதானப்படுத்தும் வரையில் நிவிர்த்தி செய்யாது என்று கற்பிக்கின்றது. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொன்னதை இப்பின்னணியில் வாசிக்கவேண்டும் (மத்தேயு 5:23–24). அங்கு அவர் பேசுவது நமக்குப் பிறன்மேல் உள்ள குறையைப் பற்றியன்று. பிறனுக்கு நம்மேல் உள்ள குறையைப் பற்றியே.

இத்தனை தெளிவான போதனை நம் வழக்கத்தில் மங்கியது எவ்வாறு? என் கருத்தில், சீர்திருத்தத்தின் பெரிய வெற்றியோடு இந்த இழப்பும் சேர்ந்து வந்தது. இடைக்காலத் திருச்சபை மனவருத்தம், பாவ அறிக்கை, பரிகாரச் செயல் என்னும் மூன்றையும் மனந்திரும்புதலின் கூறுகளாக வைத்திருந்தது. பரிகாரச் செயல் காலப்போக்கில் பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்துக்கு இடந்தந்தது. 1516இல் எராஸ்மு வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் துணையால், ஆண்டவர் கட்டளையிட்டது ஒறுத்தல் முயற்சியையன்று, உள்ளத்தின் மாற்றத்தையே என்று லூத்தர் கண்டார். 1517இன் தொண்ணூற்றைந்து கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாயிருக்கவேண்டும் என்பதுதான். இதற்காக நாம் என்றும் நன்றி செலுத்துவோம். ஆனால் கடவுளுக்குச் செலுத்தும் விலையாகப் பரிகாரத்தைத் தள்ளியவர்களின் பிள்ளைகளாகிய நாம், அயலானுக்குச் செலுத்தவேண்டிய கடனையும் அதனோடு சேர்த்தே தள்ளிவிட்டோம். அந்தக் கடனை லூத்தர் தள்ளவில்லை, நாம்தாம் தள்ளினோம்.

மீண்டும் காஞ்சிக்கு வருவோம். கோர்வைச் சேலை நெய்யப்படுவதைப் பார்த்தவர் அறிவர்: உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள், ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளவேண்டும். பிழை நேர்ந்து நாலு விரற்கடை நெய்தபின் கண்ணில் பட்டால், தேர்ந்த நெசவாளர் வருந்திக்கொண்டே மேலே நெய்வதில்லை. போட்ட ஊடையை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு பிழை நேர்ந்த இடம் வரையில் பின்னோக்கிச் செல்கின்றார். உடலை மட்டும் பிரிக்க முடியாது. கோத்துக்கொண்ட கரையையும் உடன் பிரிக்கவேண்டும். 'ஷூப்' என்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

ஆனால் தறியை உவமையாக மட்டும் பேசிவிட்டு நகர்வது தறியில் உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி. கோர்வைக்கு நெய்பவரோடு துணையாள் ஒருவர் வேண்டும். அத்துணை நெடுங்காலம் ஒரு பிள்ளையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் அமர்த்தப்பட்டனர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே நீக்கிவிட்டது. எனினும் 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் பட்டுத்தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்நிலை அன்றிருந்த அளவில் இன்றில்லை. ஆனால் அன்று பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று முப்பதைக் கடந்த மனிதர். அவரை அமர்த்தியவருள் ஒருவர் இன்று நம் ஆராதனையில் கண்ணீரோடு முழங்காற்படியிட்டால், ஆயர் அவருக்கு என்ன சொல்வார்? இரத்தம் கழுவிவிட்டது, சமாதானத்தோடே போம் என்று மட்டுமா? அவர் தறியில் அமர்த்திய பிள்ளையின் பெயரைக் கேட்கவேண்டாமா? அப்பிள்ளை இழந்த பள்ளி ஆண்டுகளை ஒருவராலும் திருப்பித் தர இயலாது. ஆனால் அம்மனிதரின் பிள்ளைகள் இன்று படிக்கின்றனரா என்று விசாரித்து அறிய இயலும்.

இங்கு எச்சரிக்கையாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. குற்றம் செய்தவர் திரும்பி வருவதால், தீங்கு அனுபவித்தவர் உடனே மன்னித்தாகவேண்டும் என்று வற்புறுத்துவது இரண்டாவது தீங்காகும். கணவனால் அடிபட்ட பெண்ணை ஆயர் முன்னிலையில் நிறுத்திக் கைகுலுக்கச் செய்யும் வழக்கத்தை ஒப்புரவாக்குதல் என்று அழைத்தல் ஆகாது. அவன் நெருங்காதிருப்பதே சில வேளைகளில் அவன் செலுத்தவேண்டிய கடன். தீங்கு அனுபவித்தவர் மறைந்துவிட்டால் என்செய்வது என்பதையும் மோசே எண்ணாமலில்லை. கொடுத்துத் தீர்க்க உறவினனும் இல்லாதபோது அது கர்த்தருடையதாய் ஆசாரியனைச் சேரவேண்டும் என்று எண்ணாகமம் (5:8) கூறுகின்றது. தன்னிடமே வைத்துக்கொள்ள எங்கும் அனுமதியில்லை.

ஆசாரியரைப் பற்றிப் பேசும்போது யூதாசை நினையாதிருக்க முடியவில்லை. பழைய மொழிபெயர்ப்பு அவனுக்கு 'மனஸ்தாபம்' என்னும் சொல்லைத் தருகின்றதேயன்றி 'மனந்திரும்புதல்' என்பதைத் தரவில்லை. பேதுருவுக்கோ 'குணப்படுதல்' என்ற சொல்லை ஆண்டவரே முன்னறிவிப்பாக வழங்குகின்றார். இவ்வேறுபாட்டைப் பிரசங்கிப்பதில் நாம் தேர்ந்தவர்கள். ஆனால் யூதாசு காசைத் திருப்பிக் கொடுத்தான், குற்றத்தை வாய்விட்டு அறிக்கையிட்டான் என்பதை நாம் வேகமாகக் கடந்துவிடுகின்றோம். அவன் சென்றது ஆசாரியரிடம். அவர்களோ அது தங்களுக்குரிய காரியமன்று என்று கையை விரித்தனர். அவனோடு எழுந்து, அவன் காட்டிக்கொடுத்தவரிடம் அவனை அழைத்துச்செல்ல ஓர் ஆசாரியனும் இருக்கவில்லை. ஆயத்துவத்துக்கென அபிஷேகம் பெறுவோர் அப்பகுதியைத் தம்மைக் குறித்தே வாசிப்பது நலம்.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வெளியிட்ட திருவிருந்து வழிபாட்டு முறையில் ஆதித்திருச்சபையின் சமாதான வாழ்த்தை மீட்டெடுத்துக் காணிக்கைக்கு முன்பாக அமைத்தது உலகத் திருச்சபைகளால் பாராட்டப்பெற்றது. கைகளால் கடத்தப்படும் அவ்வாழ்த்தை இன்று நாம் பக்கத்திலிருப்பவருக்குப் புன்னகையோடு கொடுத்து அமர்ந்துவிடுகின்றோம். வழக்காடும் இரு குடும்பங்கள் ஆலயத்தின் இரு ஓரங்களில் அமர்ந்திருக்க, வாழ்த்து இருவரிடையே செல்லாமலே ஆலயத்தைச் சுற்றிவந்துவிடுகின்றது. திருவிருந்துக்கு முந்திய வாரத்தில் அவ்விரு வீடுகளின் வாசலை மிதிக்காத ஆயர், ஞாயிறன்று அதைக் கையால் கடத்தச் சொல்வதில் பயனில்லை.

பிலேமோனுக்கு எழுதிய நிருபம் இதற்கு நல்ல துணை. ஆனால் அது எளிய துணையன்று. ஒநேசிமு எசமானுக்கு ஏதேனும் நட்டம் விளைவித்திருக்கலாம். ஆயின், மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்த காரியத்தில் குற்றவாளி யார்? பவுல் ஒருவனை மட்டும் திருப்பி அனுப்புவதாகத் தோன்றினாலும், அடிமையாகவன்று, சகோதரனாக ஏற்கும்படி கேட்டு மற்றவனையும் திரும்பச் செய்கின்றார். இருவரும் நடந்து வரவேண்டும். நட்டம் எதுவாயினும் தம் கணக்கில் வைக்கும்படி சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கின்றார். சிறையிலிருப்பவரின் கணக்கில் என்ன இருந்திருக்கும் என்று நாம் கேட்கலாம். ஒநேசிமுவை அவர் தனியே அனுப்பவில்லை என்பதைக் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்திலிருந்து அறிகின்றோம். கொலோசெ வரையில் தீகிக்கு அவனோடு வழிநடந்தான்.