முசுறு: கொடுக்கில்லாத வேட்டைக்காரன்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவார மாந்தோப்புகளில் இலைகளைப் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புக்குக் கொடுக்கு கிடையாது. ஆனாலும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய வண்டை வீழ்த்திவிடும்.

முதலில் ஓர் எறும்பு வண்டின் காலைக் கவ்வி, வாசனையால் கூட்டாளிகளை அழைக்கிறது. ஓடிவந்தவை ஆளுக்கொரு காலைப் பற்றி, தம் பாதப் பசைத் திண்டுகளை இலையில் ஊன்றி, நாலாபுறமும் இழுக்கின்றன. கால்கள் விறைத்து நீள, வண்டு அசையவே முடியாமல் கிடக்கும். என்ன அருமையான கூட்டு வேட்டை!

மாவுப்பூச்சியைப் பேணும் குறை இருந்தாலும், முசுறு தோப்புக்குக் காவல்தான். தென்சீன விவசாயிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதன் கூடுகளை விலைக்கு வாங்கி, ஆரஞ்சு மரங்களில் வைத்தார்கள்.

கூட்டைத் தட்டாதீர்கள். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எட்ட நின்றே பாருங்கள்.