ஒரே நாளில் 4,500 மீட்டர்

சிலி நாட்டின் வடகோடியில், பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது அரிக்கா நகரம். எப்போதும் வெயில், மழையோ ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் சின்சோரோ மக்கள் பதப்படுத்திய உடல்கள், எகிப்திய மம்மிகளுக்கும் மூத்தவை, இங்கு அழியாமல் இருப்பதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம்.

மறுநாள் தோழியுடன் சுங்காரா ஏரிக்குக் கிளம்பினேன். உயரம் சுமார் 4,500 மீட்டர். நம் 163 மீட்டர் புக்கிட் தீமா ஏறிய தைரியம்! ஏரிக்கரையில் பரினக்கோட்டா எரிமலையின் பனி கண்ணைப் பறித்தது, தலையோ வெடித்தது. பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. படம்கூட எடுக்காமல் திரும்பினோம். இறங்க இறங்க வலி தணிந்தது.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயுவும் குறைகிறது. உடல் பழக அவகாசம் வேண்டும். வழியில், சுமார் 3,500 மீட்டரில் உள்ள புத்ரேயில் ஓரிரு இரவு தங்கிச் செல்லுங்கள். ஒரு நாளை மிச்சப்படுத்த நினைத்து, ஏரியையே சரியாகப் பார்க்காமல் வந்தவள் சொல்கிறேன்.