வெருகும் பொறியும்

மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்பது தொல்காப்பிய மரபியல் தரும் செய்தி. இதனைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வந்திருக்கின்றேன். கரும்பலகையில் எழுதிய அக்குட்டி ஒருநாள் என் தலைக்கு மேலேயே பிறந்து வளரும் என்று நான் எண்ணியதில்லை.

பல்லேகலயில் எங்கள் வீடு மகாவலிப் பக்கத்துச் சரிவில் உள்ளது. கண்டிப் பகுதி வீட்டுத்தோட்டத்தை அறிந்தவர்க்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பலா, வாழை, பப்பாளி, கோப்பி, மிளகுக் கொடி, மூலையில் ஒரு கித்துள். இவை நமக்கு மாத்திரம் காய்ப்பன அல்ல. அந்தி சாய்ந்ததும் மரநாய் புறப்படும். சிங்களத்தில் அதனை ‘உகுடுவா’ என்பர். பெயரில் நாய் உண்டு. உருவில் பூனைச் சாயல் உண்டு. உண்மையில் அஃது இரண்டுமன்று. புனுகுப்பூனையின் இனத்தது. கனிந்த பழமே அதற்குப் பேருணவு. எலியும் பூச்சியும் உண்ணும். கோழிக்கூடு திறந்திருந்தால் அதனையும் விடாது. கித்துள் மரத்துக் கள்முட்டியில் வாய் வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அதன் உடல் மணம் ரம்பை இலையை ஒத்தது. இரவில் முற்றத்தில் ரம்பை மணத்தால், அடுப்பில் ஒன்றுமில்லை, கூரையில் ஒன்று உண்டு என்று அறிக.

எங்கள் ஓட்டுக் கூரைக்கும் பலகைத் தட்டுக்கும் இடையே அது குடிபுகுந்தது. இரவெல்லாம் ஓட்டமும் உருளலும். பகலில் பலகையில் ஈரக் கறையும் துர்நாற்றமும். அயல்வீட்டு அன்பர் ஒருவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், “மாஸ்டர், ஒரு கம்பிச் சுருக்கு போதுமுங்க, ஒரே ராத்திரியில் தீர்ந்துபோகும்” என்றார். மற்றொருவர் நஞ்சு வைக்கச் சொன்னார். இரண்டுக்கும் நான் உடன்படவில்லை. நஞ்சுக்கு ஆள் தெரியாது, சுருக்குக்கும் தெரியாது.

இவ்வுண்மையைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். நற்றிணையில் ஒரு குறிஞ்சிப் பாட்டு உண்டு. தினை தின்ன வரும் பன்றிக்கெனப் புனங்காவலன் கல்லடார் என்னும் பொறியை வைக்கின்றான். பன்றி தப்பிவிடுகின்றது, அகப்படுவதோ புலி. புலவர் கண்ட அக்காட்சி இன்றும் நம் மலையகத்தில் நிகழ்கின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்து லக்ஷபானத் தோட்டத்தில் கம்பிச் சுருக்கொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் சில நாளில் அஃது இறந்தது. பொறி வைப்பவன் ஒன்றை நினைத்து வைக்கின்றான். பொறி தனக்கு வாய்த்ததைப் பிடிக்கின்றது.

இவ்வளவும் மாணவர்க்கு உரைத்த நானே அதனை மறந்தேன். உயிருக்கு ஊறு செய்யாத கம்பிக்கூடு ஒன்று வாங்கினேன். அதனுள் கருவாட்டுத் துண்டை வைத்துக் கிணற்றடியில் நிலத்திலேயே வைத்துவிட்டு உறங்கச் சென்றேன். விடியுமுன் நாய்க் குரைப்புக் கேட்டு எழுந்து ஓடினேன். கூட்டினுள் எங்கள் வீட்டுப் பூனை. வெளியே அயலார் நாய் கூட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்துப் பூனையின் வாய் கிழிந்திருந்தது. முன்காலில் நகமொன்று பெயர்ந்திருந்தது. அது உயிர் பிழைத்தது. ஆயினும் ஒரு மாதம் என் மடிக்கு வரவில்லை. அப்பிழை பூனையினதன்று, கருவாட்டை நாடுவது அதன் இயல்பு. நாயினதுமன்று. அறியாது பொறி வைத்த என் பிழையே அது.

அதன்பின் தெரிந்தவர்களைக் கேட்டுத் தெளிந்தேன். வட அமெரிக்காவில் ரக்கூன் என்னும் விலங்கு நம் மரநாயைப் போலவே கூரையிலும் குப்பைத் தொட்டியிலும் தொல்லை தருவது. அங்கே கூட்டினுள் மீனை விலக்கி இனிப்புப் பண்டமே வைப்பர். பூனை அகப்படாதிருத்தற்கே அது. நமக்கு அவ்விடத்தைக் கனிந்த வாழைப்பழம் நிரப்பும். பூனை பழத்தை நாடாது. நாய் நாடினும், மதில் மேலோ தாழ்ந்த கிளையிலோ கட்டிய கூட்டை அஃது எட்டாது. அன்றிரவு பூனையை உள்ளே அடைத்தும் நாயைக் கட்டியும் வைத்தல் வேண்டும். அயலார்க்கும் சொல்லுதல் வேண்டும். கூட்டின் மேல் சாக்கு ஒன்று போர்த்தினால் அகப்பட்ட உயிர் மருளாது. முதல் வெளிச்சத்திலேயே சென்று பார்த்தல் கடன். வெயிலேறிய கம்பிக்கூடு கொலைக்களமாகும். வெறுங்கையை உள்ளே நீட்டலாகாது. கடிபட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நீர்வெறுப்பு நோய் விளையாட்டன்று.

இவ்வாறே செய்தேன். மறுநாள் விடியலில் மரநாய் ஒன்று அகப்பட்டிருந்தது. சாக்கை விலக்கினேன். அதன் வயிற்றில் பால்சுரந்த முலைக்காம்புகள் தெரிந்தன. அதே கணம் கூரைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி எழுந்தது. குட்டிகள்!

ஒக்கூர் மாசாத்தியார் பாட்டில், மாலையில் வேலியோரம் வெருகைக் கண்ட கோழித்தாய் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கின்றது. இங்கே வெருகொத்த உயிரே தாய். அதனைச் சிறைப்படுத்திய நானே வெருகு. கூட்டின் கதவைத் திறந்துவிட்டேன். அது திரும்பிப் பாராது பலாக்கிளை ஏறிக் கூரைக்குள் நுழைந்தது.

பிடித்த விலங்கை உடவத்தகலைக் காட்டில் விட்டாலென்ன என்று கேட்பார் உண்டு. ஓரிடத்து உயிரைப் பிறிதோரிடத்தில் விடுவது எளிதன்று. 1934இல் ஜெர்மனியில் எடர் ஏரிக்கரையில் இரண்டு இணை ரக்கூன்களை விட்டனர். இன்று அவற்றின் வழிவந்தவை அந்நாட்டு நகரக் கூரைகளில் வாழ்கின்றன. யப்பானில் 1977இல் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரொன்றைக் கண்ட மக்கள் அவற்றை இறக்குமதி செய்து வளர்த்தனர், வெறுத்தபின் விட்டனர், இப்போது பழங்கோயில்களும் வயல்களும் அல்லலுறுகின்றன. நம் மரநாய் இந்நாட்டதே. ஆயினும் புதிய இடத்தில் அதற்குப் புகலிடம் தெரியாது. நம் கூரைப் பொந்து திறந்திருக்க, இன்னொன்று வந்து குடிபுகும். சட்டமும் உண்டு. 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்றும் நடைமுறையில் உள்ளன. கூடு வைக்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டறிதல் முறை. நான் அவ்வாறு கேட்டறியாததும் என் பிழையே.

குட்டிகள் வளர்ந்து தாயோடு இரவில் வெளிவரும் வரை காத்திருந்தோம். பொந்தின் வாயில் சாம்பல் தூவி அடிச்சுவடு பார்த்தோம். சுவடு வெளியே மாத்திரம் சென்று, பின் சில நாள் புதுச்சுவடு காணாதபோது, உறுதியான கம்பிவலையால் பொந்தை அடைத்தோம். கூரையைத் தொட்ட பலாக்கிளையைத் தறித்தோம். பூனையின் மிச்சச் சோற்றை இரவில் வெளியே வைப்பதை நிறுத்தினோம். குப்பை வாளிக்கு மூடி வந்தது. அவ்வளவே, பொறி வேண்டாதாயிற்று.

கம்பிக்கூடு இப்போது விறகுக் கொட்டிலில் கிடக்கின்றது. பப்பாளியில் ஒன்றிரண்டு இரவில் குறைகின்றன, குறையட்டும். மரபியலின் அச்சூத்திரத்தை இவ்வாண்டும் கற்பித்தேன். ‘குட்டி’ என்று சொல்லும்போது என் கண் தானே மேலே உயர்ந்தது. மாணவர் சிரித்தனர். காரணம் கேட்டனர், சொன்னேன்.