ரூட்டருக்குள் ஒரு நியாய வரிசை



எங்க அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறாங்க. வெள்ளிக்கிழமை அவங்களுக்கு லீவு. அன்னைக்கு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாங்க. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நான் பரீட்சை மார்க்கை ஒவ்வொண்ணாகச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்பாவோ, "என்ன மக்ளே, ஒண்ணும் கேக்கல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அப்பா பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசுவதுதான் அங்கே போய்ச் சேரவில்லை. கடைசியில் "சரி மக்ளே, அடுத்த வாரம் பேசலாம்" என்று வச்சிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் தெரிந்தது, அடுத்த அறையில் தம்பி தன் கபடி வீடியோவை யூடியூபில் ஏற்றிக்கொண்டிருந்தான் என்று. அவன் வீடியோவுக்கும் என் குரலுக்கும் என்ன சம்பந்தம்? கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன். லேபில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் வந்தவருக்கு முதல் இடம், இது நியாயமா?

இணையத்தில் எந்தத் தகவலும் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். ஒரு துண்டுக்குப் பெயர் பாக்கெட். வீட்டில் உள்ள எல்லா செல்போன், கம்ப்யூட்டர்களின் பாக்கெட்டுகளும் ரூட்டருக்கு வந்து, ஒரே லைன் வழியாக வெளியே போகணும். லைன் தாங்கும் வேகத்தைவிட அதிகமாக வந்தால், பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். சாதாரண ரூட்டரில் வரிசை ஒன்றே ஒன்றுதான். முதலில் வந்தது முதலில் போகும்.

கேட்க நியாயமாகத்தான் தோணும். ஆனால் ரேஷன் கடையில் ஒருத்தர் நூறு கார்டுகளோடு முன்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பாட்டி ஒரே ஒரு கார்டோடு நிற்கிறார். பாட்டியின் வேலை ஒரு நிமிஷம்தான். காத்திருப்பதோ நூறு கார்டு!

இதைக் கணக்காகப் பார்ப்போம். டெலிபோன் தரத்தில் குரலை அனுப்ப, 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் வீதம் வினாடிக்கு 50 பாக்கெட் போகும். ஒவ்வொன்றும் சுமார் 200 பைட். மொத்தம் வினாடிக்கு 80 கிலோபிட்தான். வீடியோ பாக்கெட்டோ 1500 பைட், அதாவது 12,000 பிட். வெளியே அனுப்பும் வேகம் 2 மெகாபிட் என்றால், அப்படி ஒரு பாக்கெட் போக 6 மில்லிவினாடி ஆகும். தம்பியின் 100 பாக்கெட் முன்னால் நின்றால், என் குரல் 600 மில்லிவினாடி காத்துக் கிடக்கும். பேச்சு இயல்பாக இருக்க, ஒரு பக்கத்துத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். வரிசை நிரம்பிவிட்டாலோ, அடுத்து வரும் பாக்கெட்டை ரூட்டர் தூக்கிப் போட்டுவிடும். என் மார்க்கெல்லாம் அப்படித்தான் குப்பைக்குப் போயிருக்கு!

அப்பா குரல் மட்டும் எப்படிக் கேட்டது? அது உள்ளே வரும் வழி. அங்கே நெருக்கடி இல்லை. தம்பி அடைத்தது வெளியே போகும் வழியைத்தான்.

ஆளுக்கு ஒரு வரிசை

இதற்கு ஜான் நேகிள் என்பவர் 1985-ல் ஒரு வழி சொன்னார். அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வை. சுற்றி வந்து ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பாக்கெட் எடு. நூறு கார்டுக்காரர் தன் வரிசையில்தான் காத்திருப்பார். பாட்டிக்குத் தொந்தரவு இல்லை.

ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. பெரிய பாக்கெட் அனுப்புகிறவர் ஒரு சுற்றில் 1500 பைட் அனுப்புவார். சின்ன பாக்கெட்காரர் 200 பைட்தான். முறை சமம், பங்கு சமமில்லை.

1989-ல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் என்ற மூன்று பேர் அந்த ஓட்டையை அடைத்தார்கள். இவர்களில் கேசவ் நம்ம நாட்டுக்காரர், 1986-ல் டெல்லி ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். அவர்கள் யோசித்த விதம் இதுதான்: பாக்கெட்டுக்குப் பதிலாக, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒவ்வொரு பிட்டாக எடுத்து அனுப்பினால் எல்லாருக்கும் சமபங்கு கிடைக்கும். நிஜத்தில் பாக்கெட்டைப் பிய்க்க முடியாது. ஆனால் 'அப்படி அனுப்பியிருந்தால் எது முதலில் முடிந்திருக்கும்?' என்று கணக்குப் போடலாமே! முதலில் முடிந்திருக்க வேண்டியதை முதலில் அனுப்பு. அவ்வளவுதான்.

என் குரலும் தம்பி வீடியோவும் ஒரே நேரத்தில் வந்தால், தம்பியின் பாக்கெட்டுகளுக்கு முடிவு எண் 1500, 3000, 4500. என் பாக்கெட்டுக்கு 200. சின்ன எண் எது? என்னுடையதுதான். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஒரு பாக்கெட் முடியும்வரை, அதாவது அதிகபட்சம் 6 மில்லிவினாடி காத்திருந்தால் போதும்.

எடை எதற்கு?

எல்லாருக்கும் சமபங்கு போதாத நேரமும் உண்டு. பள்ளி ஆண்டு விழாவை நேரலையாக அனுப்புகிறோம் என்று நினையுங்கள். லைன் 10 மெகாபிட். நேரலைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து 20 கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஆளுக்கு 0.5 மெகாபிட்தான். படம் நின்று நின்று போகும். அப்போது நேரலைக்கு எடை 6, மற்ற 19-க்கும் எடை 1 என்று கொடுக்கலாம். மொத்த எடை 25. நேரலைக்கு 2.4 மெகாபிட், மற்றவர்களுக்கு 0.4 மெகாபிட். பாக்கெட்டின் நீளத்தை எடையால் வகுத்து முடிவு எண் போட்டால் இது தானாக நடக்கும். இதற்குப் பெயர்தான் 'வெயிட்டட் ஃபேர் க்யூயிங்', தமிழில் எடையிட்ட நியாய வரிசை என்று சொல்லலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒருத்தர் எடுக்காத பங்கு வீணாகாது என்பது. நம்ம ஊர் சானலை நினைத்துப் பாருங்கள். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் தோவாளைச் சானல், அனந்தனார் சானல் என்று பிரிந்து வருகிறது. மேலே உள்ளவர்கள் இஷ்டத்துக்கு மடையைத் திறந்தால் கடைவரம்பு வயல் காயும். அதனால்தான் தண்ணி குறைந்த காலத்தில் முறை வைத்து விடுகிறார்கள். ஒருத்தர் வயல் நிறைந்துவிட்டால் மிச்சம் அடுத்த வயலுக்குப் போகணும், கடலுக்குப் போகக் கூடாது. ரூட்டரிலும் அதே கதைதான். என் குரலுக்குப் பாதி லைன் ஒதுக்கினாலும் நான் எடுப்பது 80 கிலோபிட். மீதி 1920 கிலோபிட்டும் தம்பிக்கே. அவனுக்கு நஷ்டம் 100-க்கு வெறும் 4!

பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் முடிவு எண் போட்டு, அதில் சின்னதைத் தேடுவது ரூட்டருக்குக் கொஞ்சம் பாரம். 1995-ல் ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் இருவரும் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வர்கீஸ் மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கடைக்காரரின் பற்று வரவு நோட்டு மாதிரி, ஒவ்வொரு வரிசைக்கும் சுற்றுக்கு இவ்வளவு பைட் என்று வரவு வைப்பார்கள். இந்தச் சுற்றில் செலவாகாத மிச்சம் அடுத்த சுற்றுக்குச் சேரும். இன்று லினக்ஸில் இருக்கும் எஃப்.க்யூ.கோடல் என்ற முறைக்குள்ளும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

எடையை யார் போடுவது?

கணக்கு இயந்திரத்தின் வேலை. ஆனால் யாருக்கு என்ன எடை என்பது மனுஷன் முடிவு. காசு அதிகம் கொடுக்கும் கம்பெனியின் வெப்சைட்டுக்கு மட்டும் எடையைக் கூட்டினால் என்ன ஆகும்? சின்னவர்கள் கடைவரம்பு ஆகிவிடுவார்கள். உள்ளடக்கத்தைப் பார்த்து வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ல் டிராய் விதி போட்டது. ஒரு வெப்சைட்டை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் விடக் கூடாது என்ற இணையச் சமநிலைக் கொள்கையை 2018 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஏற்றது.

எங்க வீட்டு ரூட்டரின் செட்டிங்ஸில் 'க்யூ.ஓ.எஸ்.' என்று ஒரு பக்கம் இருந்தது. சார் சொல்லித் தந்தபடி லைனின் உண்மையான வேகத்தைக் கொடுத்து, வரிசைகளைப் பிரித்து வைத்தேன். (எல்லா ரூட்டரிலும் இந்த வசதி இருக்காது. வீட்டில் கேட்காமல் கை வைக்காதீங்க!) அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி வழக்கம்போல வீடியோ ஏற்றினான். நான் மார்க்கைச் சொன்னேன். "கணக்குல 91-ஆ மக்ளே?" என்று அப்பா கேட்டாங்க. தம்பியின் வீடியோவும் போய்ச் சேர்ந்தது. வீட்டில் சண்டை இல்லை!

உங்களுக்கு ஒரு கணக்கு: லைன் 6 மெகாபிட். மூன்று வரிசைகளின் எடை 3, 2, 1. முதல் வரிசையில் அனுப்ப ஒன்றும் இல்லை என்றால், மற்ற இரண்டுக்கும் எவ்வளவு கிடைக்கும்? விடையை எழுதி லேப் வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.

— 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு