இரும்புக்கு ஒரு கவசம்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதன் மேல்வர்ணத்தைப் பேணுவதில் காட்டும் சிரத்தை நாம் அறிந்ததே. தினந்தோறும் கழுவித் துடைத்துக் கண்ணாடிபோல் மின்னச் செய்கிறார்கள். ஆனால் குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பவர் எத்தனை பேர்? பாரம் முழுவதையும் தாங்கி, மேட்டிலும் பள்ளத்திலும் அடிபடும் உறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. சேறும் கல்லும் அவற்றின்மீதுதான் வந்து மோதுகின்றன.

நமது சாலைகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய அம்பாஸடர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இதன் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. எனினும் இதை இன்றும் அருமையாகப் போற்றிவரும் குடும்பங்கள் உண்டு. பின்புறத்தில் கமான் பட்டைகளும், முன்புறத்தில் முறுகி நிமிரும் எஃகுத் தண்டுகளும் இவ்வண்டியைத் தாங்குகின்றன. சென்னை போன்ற கடற்கரைப் பட்டணங்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து இவற்றை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு மேலோடு நின்றுவிட்டால் கவலையில்லை. அது எஃகில் சிறு குழிகளை அரிக்கிறது. வண்டி குலுங்குந்தோறும் குழியிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பு வளர்ந்து, ஒருநாள் பட்டை முறிகிறது. அப்போது ஆபத்து வண்டிக்கு மட்டுமன்று, உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்குந்தான்.

இதற்குப் பரிகாரம் என்ன? துருவின் மேலேயே கறுப்பு வர்ணத்தைப் பூசிவிடுவது புரையோடிய புண்ணுக்குப் பட்டுத்துணி போர்த்துவதை ஒக்கும். உறுப்புகளைக் கழற்றி, ரப்பர் புஷ்களை அகற்றி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, காற்றின் வேகத்தில் துகள்களை வீசித் துருவை அடியோடு நீக்கவேண்டும். இதற்குச் சாதாரண மணல் ஆகாது. அதன் தூசி தொழிலாளியின் நுரையீரலை அழிக்கும். நமது தென்கோடிக் கடற்கரை மணலில் கலந்துள்ள கார்னெட் என்னும் சிவந்த கனிமம் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. அதற்கும் முகக்கவசம் அவசியமே.

சுத்தமான எஃகு ஈரக்காற்றில் விரைவிலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகையால் அன்றைக்கே முதற்பூச்சு இடவேண்டும். துத்தநாகம் மிகுந்த பூச்சு சிறந்தது. துத்தநாகம் தான் முன்னதாக அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அதன்மேல் எபாக்ஸி வர்ணம் பூசலாம். சக்கரங்களைப் பிணைக்கும் கைகள் முதலியவற்றுக்குப் பவுடர் கோட்டிங்கும் உகந்தது. மின்னேற்றிய தூளைத் தூவி, ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள அடுப்பில் உருக்கினால், கல்லடிக்கு எளிதில் பெயராத தோல் படிகிறது. ஆனால் போல்ட்டு இறுகும் முகங்களை மறைத்துவிடவேண்டும். அங்கே தடித்த பூச்சு இருந்தால் நாளடைவில் நசுங்கி, போல்ட்டு தளரும்.

கமான் பட்டை விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதைத் திராவகத்தில் ஊறவைப்பதும், பளபளப்புக்காக மின்முலாம் பூசுவதும் தகாது. அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, அதை எளிதில் முறியும்படி செய்துவிடும். பார்வைக்குப் புதுப்பட்டை, உள்ளேயோ பலவீனம்!

கடைசியாக ஒன்று. துரு நீங்கியதும், வர்ணம் தொடுமுன், ஒவ்வோர் உறுப்பையும் நல்ல வெளிச்சத்தில் சோதிக்கவேண்டும். வெடிப்போ ஆழ்ந்த குழியோ தென்பட்டால், செலவைக் கருதாது அதைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பூட்டுவதே முறை. நல்ல இரும்பைப் பூச்சு பல்லாண்டு காக்கும். கெட்ட இரும்பை அது நம் கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே செய்யும்.