எந்த எண்ணெய், எத்தனை துளி?

நறுமண சிகிச்சையில் பயன்படும் எண்ணெய்களில் பெரும்பாலானவை பூ, இலை, பட்டை, வேர் ஆகியவற்றை நீராவியில் வடித்து எடுக்கப்படுபவை. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்களோ பெரும்பாலும் பழத்தோலைப் பிழிந்து எடுக்கப்படுகின்றன. விற்பனையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், புதிதாகத் தொழிலுக்கு வருபவர் எதைத் தேர்வது என்று திணறுகிறார். புட்டிகளை வாங்கி அடுக்குவதால் அந்தத் திணறல் தீராது. லாவெண்டர், யூகலிப்டஸ், எலுமிச்சைப் புல், ஆரஞ்சு, வெட்டிவேர் என ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றை முழுமையாக அறிந்துகொண்டால் தெளிவு தானாக வரும்.

புட்டியில் முதலில் பார்க்க வேண்டியது தாவரப் பெயர். யூகலிப்டஸ் குளோபுலஸ், நீலகிரித் தைலமாக நமக்குப் பழக்கமானது. அதில் சினியோல் என்ற வேதிப்பொருள் மிகுதி. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்க நாடுவது இதைத்தான். யூகலிப்டஸ் சிட்ரியோடோராவில் சிட்ரோனெல்லால் மிகுதி. எலுமிச்சை வாடை வீசும், கொசு விரட்ட உதவும். லாவெண்டரிலும் இப்படித்தான். அங்கஸ்டிஃபோலியா வகை மென்மையாக மணக்கும். லாட்டிஃபோலியாவில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். மன அமைதிக்காகக் கேட்பவருக்குப் பின்னதைக் கொடுத்தால் பொருந்தாது.

தாவரத்தின் எந்தப் பகுதி என்பதும் முக்கியம். இலங்கைக் கருவாவின் பட்டையில் வடித்த எண்ணெயில் சின்னமால்டிஹைடு அதிகம்; தோலைக் கடுமையாக எரிக்கும். அதே மரத்தின் இலை எண்ணெயில் கிராம்பில் உள்ள யூஜெனால்தான் அதிகம். புதியவர்கள் பட்டை எண்ணெயை உடம்பில் தடவுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

மூக்கைப் பழக்குவதற்குக் காகிதப் பட்டை போதும். நுனியில் ஒரு துளி விட்டு உடனே முகர வேண்டும். அரை மணி கழித்தும், மறுநாள் காலையிலும் முகர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு சில மணி நேரத்தில் மங்கிவிடும். வெட்டிவேரின் மண்வாசனை மறுநாளும் நிற்கும். கலவையில் எது முன்னால் வரும், எது கடைசிவரை தங்கும் என்பது இப்படித்தான் பிடிபடும்.

அடுத்தது அளவு. ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 20 துளி. 30 மில்லி பாதாம் எண்ணெயில் 12 துளி கலந்தால் அது 2 சதவீதம். உடல் மசாஜுக்கு இது போதும். முகத்துக்கு 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. எலுமிச்சைப் புல் எண்ணெய் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. அதை 1 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்க்க வேண்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களைத் தடவிய தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம்.

தூய்மை விஷயத்தில் விளம்பரத்தை நம்ப வேண்டாம். 'தெரப்யூடிக் கிரேடு' என்ற முத்திரையை எந்த அரசு அமைப்பும் வழங்குவதில்லை. தொகுப்பு எண்ணும், அந்தத் தொகுப்புக்கான வேதிப் பகுப்பாய்வு அறிக்கையும் கேட்டு வாங்குவதே சரி. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஆயிரக்கணக்கான கிலோ பூ தேவை; அது மலிவாகக் கிடைத்தால் கலப்படம் என்றே கொள்ளலாம். நல்ல எண்ணெயும் காற்றுப் பட்டால் கெடும். கெட்ட ஆரஞ்சு, லாவெண்டர் எண்ணெய்கள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். அடர்நிறப் புட்டியில் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, திறந்த தேதியை எழுதி ஒட்டுவது நல்லது.

சிகிச்சைக்கு வருபவர் கர்ப்பிணியா, ஆஸ்துமா அல்லது வலிப்பு உள்ளவரா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்காமல் புட்டியைத் திறக்கக் கூடாது. யூகலிப்டஸ் எண்ணெயைச் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். எந்த எண்ணெயையும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தும்படி யாரிடமும் சொல்லாதீர்கள்.